சீட்டில்லாத தொட்டில்

1925, செப்டம்பர் 17

பார்சல் வந்தது.

அம்மை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி அனுப்பியது. பினாங்கில் இறங்கி, ரயிலேறி, சுங்கை சிப்புட் தபால் ஆபீசில் எத்தனை நாள் கிடந்ததோ, இன்று மாட்டுவண்டியில் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு வெள்ளை அங்கி. கழுத்திலும் கையிலும் இடையன்குடி லேஸ். "பேரனுக்கு ஞானஸ்நானத்தன்று போட்டுப் பார்த்துவிட்டு எழுது" என்று ஒரு துண்டுக் காகிதம். என் கடிதம் இன்னும் அவள் கைக்குப் போகவில்லை போலும். பேரன் போய் இன்றோடு பத்தொன்பது நாள்.

ஜூனில் போதகர் ஐயர் வந்தபோதே ஞானஸ்நானத்தை முடித்திருக்கலாம். சபை ஐயர் ஈப்போவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் இந்தப் பக்கம் வருகிறார். நான்தான், "அம்மை அங்கி அனுப்புறா ஐயரே, செப்டம்பர்ல வச்சுக்கலாம்" என்றேன். கணக்கு எழுதுகிற கிராணியார் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டதைவிட நல்லதாகப் போட்டுப் பவிசு காட்ட வேண்டும் எனக்கு. எழுதிவிட்டேன். இதை வேறு யாரிடம் சொல்ல.

அங்கியை டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்தேன்.

செப்டம்பர் 20

இன்று சாப்பாடு கொண்டுபோனபோது ஆஸ்பத்திரி மேசையில் மரணப் பதிவுப் புத்தகம் திறந்து கிடந்தது. இவர்தான் தோட்டத்து டிரெசர். மருந்து கொடுப்பதும் இவர், செத்தவர்களை எழுதுவதும் இவர். (இவர் பெயரை இந்தக் குறிப்பில்கூட எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. பழக்கம்.) ஆகஸ்டு 29-க்கு நேராக இவர் கையெழுத்தில்: ஆண் குழந்தை. மூன்று மாதம். காய்ச்சல். பெயர் — இல்லை.

வீட்டில் 'ராசா' என்றுதான் கூப்பிட்டோம். நேசமுத்து என்று வைப்பதாக இருந்தோம். ஐயர் வாயால் சொல்லி, தண்ணீர் ஊற்றி, சபைப் புத்தகத்தில் எழுதின பிறகே கூப்பிட வேண்டும் என்றதும் நான்தான். எல்லாம் நான்தான்.

"பேரு இல்லைன்னு எழுத எப்படி உங்களுக்குக் கை வந்துச்சு" என்று கேட்டேன். இவர் பேனாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பேர எழுதினா, கேட்டா காட்ட ஒரு ஆதாரம் வேணுமே புள்ள" என்றார். சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 4, ஞாயிறு

கிராணியார் வீட்டில் ஜெபக்கூட்டம். போனேன். எல்லோரும் பாடினார்கள். நான் வாயை அசைத்தேன், அவ்வளவுதான்.

ஐயர் வராத நாளில் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அப்பாவு வந்திருந்தார். அடக்கத்தன்று அவர் சொன்னதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. "ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அடக்க ஆராதனை வாசிக்க எனக்கு உத்தரவு இல்லை" என்று சொல்லி, ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். திரும்பும்போது, "அவசரத்துக்கு நீயே தண்ணி ஊத்தியிருக்கலாமேம்மா. விசுவாசி யாரும் செய்யலாமே. தெரியாதா?" என்றார்.

தெரியாது. எனக்குத் தெரியாது. இவர் அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிவிஷனில் பேதி கண்டவர்களைப் பார்க்கப் போயிருந்தார். நடுப்பகல். நான் ஒருத்தி. பக்கத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர். அவன் நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன். கையில் தண்ணீர் இருந்ததே ஆண்டவரே. ஒரு வார்த்தை தெரியாமல் போயிற்றே.

நீர் இருக்கிறீர், அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. என்னை நேசிக்கிறீரா என்பதுதான். அவனை?

நவம்பர் 11

மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. கூலிக்காரர் லயமே தூங்குகிறது. மலை எது மேகம் எது என்று தெரியவில்லை. நானும் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். பாலன் பாலன் என்று எல்லோரும் பாடுகிறார்கள். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

1926, ஜனவரி 18

பிள்ளைக் கொட்டகையில் ஆயா முத்தம்மா குளிர்காய்ச்சலில் விழுந்துவிட்டாள். பால்வெட்டுக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற கொட்டகை அது. "பத்து நாளைக்கு நீ பாத்துக்கறியா" என்று இவர் கேட்டார். புத்தி இருக்கா இந்த மனுசனுக்கு என்று ஆகிவிட்டது எனக்கு. பிள்ளை போனவளைப் பார்த்தா இதைக் கேட்பது.

"முடியாது" என்றேன். இவர் வற்புறுத்தவில்லை. "சரி புள்ள, பாத்துக்கலாம்" என்று போய்விட்டார். அப்படிப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜனவரி 20

போனேன்.

விடியுமுன்னே போக வேண்டும். பனி முழங்கால் மட்டும் கிடந்தது. லயத்துப் பக்கமிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக மரங்களுக்கிடையே மிதந்து வந்தன. ஆள் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் வருகிறது. கிட்டே வந்த பிறகுதான் ஒவ்வொரு வெளிச்சத்தின் கீழும் ஒரு பெண், அவள் தோளில் ஒரு பிள்ளை. எல்லாம் தூக்கத்திலேயே. பேசாமல் என் கையில் தருகிறார்கள், நான் துணித்தொட்டிலில் போடுகிறேன், அவர்கள் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க ஓடுகிறார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள். ஒன்றுகூடக் கண் விழிக்கவில்லை.

கை ஆறு மாதமாகச் சும்மா இருந்ததுபோல் இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஐந்துகூட ஆகவில்லை.

ஜனவரி 27

எனக்கு ஒரே பயம், பிள்ளை மாறிவிடுமோ என்று. அந்த மங்கலில் எல்லாக் கறுப்புத் தலையும் ஒன்றுதான். ஆகவே நேற்று மாலை உட்கார்ந்து, அட்டையை நறுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, இன்று எல்லாத் தொட்டில் கயிற்றிலும் நூல் வைத்துக் கட்டினேன். அழகாகத்தான் எழுதியிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்து எழுத்து.

நண்பகலில் இருளாயி முதலில் வந்தாள். அவள் வெட்டுவது மலைச்சரிவில், இருந்தாலும் ஓடியே வந்துவிடுவாள். சேலையில் ரப்பர்ப் பால் நாற்றம், ரவிக்கையில் தாய்ப்பால் ஈரம். அட்டையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"என்னா டிரெசரம்மா, சந்தையில ஆட்டுக்குட்டிக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கீங்க?"

"பேர் எழுதியிருக்கேன். பிள்ளை மாறிடக் கூடாதுல்ல. உன் பிள்ளை பேரு தெரியல, அதான் உன் பேரைப் போட்டிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுக்கு இன்னும் பேரே வைக்கலம்மா. மாரியம்மன் கோயில் திருநா வரட்டும்னு இருக்கோம். நான் பெத்தது எனக்குத் தெரியாதா? சீட்டப் பாத்தா தூக்குவேன்?"

"இருந்தாலும் —"

"எனக்கு எழுத்துத் தெரியாது. அதுக்கு அது பேரும் தெரியாது, என் பேரும் தெரியாது. தூங்கிக்கிட்டே வருது, தூங்கிக்கிட்டே போவுது. எனக்குத் தெரியும்லா. அது போதும்."

இருபத்திரண்டு தொட்டில்களுக்கு நடுவே நேராகப் போய், முகத்தைக்கூடப் பார்க்காமல், தன்னுடையதைத் தூக்கினாள். அது தூக்கத்திலேயே அவள் மாரைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

நான் திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 28

சீட்டுகளை அவிழ்த்துவிட்டேன்.

பிப்ரவரி 14, ஞாயிறு

இலையுதிர் காலம். ரப்பர் மரமெல்லாம் சிவந்து கொட்டுகிறது. நடந்தால் காலுக்கடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். இத்தனை நாள் கூரைபோல் மூடிக்கிடந்த காட்டுக்குள் திடீரென்று வானம்.

ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. ராசாவைப் புதைத்த மேட்டுக்குப் போனேன். ரப்பர் இலை அதன்மேலும் விழுந்து கிடந்தது. கூட்டித் தள்ள மனம் வரவில்லை. உட்கார்ந்தேன். இருளாயி சொன்னதே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு படிக்காத பெண், சாமி கும்பிடுகிறவள், அவளுக்கே பெற்றதைத் தூக்கச் சீட்டு வேண்டாம். உமக்கு வேண்டுமா ஆண்டவரே? உபதேசியாரின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தா பிள்ளையைத் தேடுவீர்?

கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஐந்து மாதத்தில் முதல் முறையாக, கேட்டுவிட்டுப் பயப்படாமல் உட்கார்ந்திருந்தேன். வெயில் இதமாக இருந்தது. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன்கூட.

மார்ச் 21, ஞாயிறு

ஐயர் வந்தார். செப்டம்பரிலும் டிசம்பரிலும் அவர் வந்தபோது அடுப்படியை விட்டு நான் வெளியே வரவில்லை. இன்று வந்தேன்.

"தப்பு என்னோடதுதான் ஐயரே. அங்கிக்காகக் காத்திருந்தேன்" என்றேன். எவ்வளவோ சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு என்ன பேர் நினைச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

நேசமுத்து. அவன் போன பிறகு வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேட்டுக்கு நடந்து போனோம், மூன்று பேரும். ஐயர் புத்தகத்தைத் திறக்கவில்லை. நேசமுத்து என்று பெயர் சொல்லியே ஜெபித்தார், ஈப்போவில் இருக்கிற யாரையோ பற்றிப் பேசுவதுபோல். இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். இத்தனை மாதம் நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேனே, பாவி.

மார்ச் 22

மரணப் பதிவில் 'இல்லை' என்ற சொல்லை இவர் ஒற்றைக் கோடாக அடித்து மேலே பெயரை எழுதியிருக்கிறார். கையெழுத்தும் தேதியும் போட்டு.

எனக்கு அது இல்லாமலும் இருந்துகொள்ளலாம் என்று தோன்றியது. ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 30

நாள் தள்ளிப் போயிருக்கிறது. இன்னும் இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்டு 29

ஒரு வருஷம்.

ரப்பர்க்காய் வெடிக்கிற காலம் மறுபடியும். தகரக் கூரைமேல் விதைகள் டப் டப்பென்று விழுகின்றன. போன வருஷம் அந்த நடுப்பகலிலும் இதே சத்தம்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் வயிற்றில் பிள்ளை துள்ளுகிறது, அல்லது நான் துள்ளுகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேனே. ஒன்றும் சரியாகவில்லை. இதுவும் போய்விட்டால்? இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறந்த அன்னைக்கே நீங்களே தண்ணி ஊத்திடுங்க, ஒரு மணிநேரம்கூடத் தாமசிக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கினேன். இவர் சரி என்றார். என் கண்ணைப் பார்த்து வேறு என்ன சொல்வார்.

செப்டம்பர் 9

கனவு. பனி. நான் யார் தோளிலோ கிடக்கிறேன். விளக்கு அசைகிறது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்க நினைக்கிறேன், தூக்கம் விடவில்லை. தோள் சூடாக இருக்கிறது. அவ்வளவுதான் கனவு. முகம் தெரியவில்லை.

எழுந்த பிறகும் அந்தச் சூடு கன்னத்தில் இருந்தது. அரிசி களையும்போது பாடிக்கொண்டிருந்தேன் போல. இவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அக்டோபர் 17, ஞாயிறு

கூட்டத்தில் உபதேசியாருக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. மனுஷனுக்கு இருமல், கிழடு தட்டிவிட்டது. சட்டத்தை விட்டால் போக வேறு இடம் தெரியாதவர். இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். முழுக்க மன்னித்துவிட்டேனா தெரியாது. கஷாயத்தில் சர்க்கரை போட்டேன், அது நிச்சயம்.

இவரிடம் வாங்கின சத்தியத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். "பொறந்த உடனே வேண்டாம். ஐயர் வர்றப்ப, எல்லாரும் இருக்கறப்ப வச்சுக்கலாம்."

"நிச்சயமாவா?"

"பயமாத்தான் இருக்கு. இருந்தாலும்."

நவம்பர் 21

பெண். நேற்றுக் காலை. இருளாயிதான் கூட இருந்தாள். "இது உங்க மூக்கு டிரெசரம்மா, சீட்டே வேணாம்" என்றாள். சிரித்ததில் வயிறு வலித்தது.

டிசம்பர் 24

பத்து நாளாக மழை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, 26-ந் தேதி, ஞானஸ்நானம் என்று ஐயர் எழுதியிருக்கிறார். டிரங்குப் பெட்டியைத் திறந்து அங்கியை எடுத்தேன். லேஸ் கொஞ்சம் மஞ்சளித்திருக்கிறது. இவர் பார்த்தும் பாராததுபோல் இருந்தார்.

டிசம்பர் 26, ஞாயிறு

பெருவெள்ளம். ஆறு எங்கும் ஏறிவிட்டது. ரயில் பாதை தண்ணீருக்குள் என்று கங்காணி சன்னாசி வந்து சொன்னார். ஐயர் வர வழியில்லை. எப்போது வருவார் என்றும் தெரியாது. லயத்தில் தாழ்ந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள். இருளாயியும் பிள்ளையும் எங்கள் வீட்டில்.

பாப்பாவுக்குச் சளி. உடம்பு லேசாகச் சுடுகிறது. இவர் காய்ச்சல் பார்த்தார், மூக்கைத் துடைத்தார், ஒன்றுமில்லை என்றார். ஆனால் நான் ஈரத்துணி பிழிந்தபோது கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "நாமளே ஊத்திருவோமா, ஞானப்பூ?" என்றார். 

நான் பாப்பாவின் நெற்றியில் துணியைப் போட்டேன்.

"ஐயர் வரட்டுங்க. தண்ணி வடியட்டும். நம்ம பிள்ளையை அவருக்குத் தெரியாதா?"

யாரைச் சொல்கிறேன் என்று இவர் கேட்கவில்லை.

குளிருக்கு நல்ல துணி ஒன்றும் காயவில்லை. அதனால் அங்கியை எடுத்துப் பாப்பாவுக்குப் போட்டேன். நன்றாகக் கதகதப்பாக இருக்கிறது போலும், உடனே தூங்கிவிட்டாள். தூங்குமுன் இடையன்குடி லேஸ் முழுக்கப் பால் கக்கிவிட்டாள். அம்மை அறிந்தால் கொன்றுபோடுவாள். நாளை வெயில் வந்தால் அலச வேண்டும். எனக்கும் தூக்கம் வருகிறது.