சுமார் என்று எழுதிய கை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஊரின் பழைய கட்டடங்களுக்குப் பட்டியல் கேட்டுத் தொல்பொருள் அலுவலகத்திலிருந்து படிவம் வந்ததை எழுதியிருந்தேன் அல்லவா? அதில் சேர்த்துவிட்டால் இடிக்க மாட்டார்கள்; புதுச் சாலை விலகிப் போகும். நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்தவன் என்று ஊரார் என்னிடம் ஒப்படைத்தார்கள். தானியக் கிடங்கு, பள்ளிக்கூடம், பயணியர் விடுதி, மணிக்கூண்டு, நம் வீடு, ஐந்தையும் சுவர் சுவராக அளந்தேன்.

கட்டிய ஆண்டு எழுதும்போதுதான் கை தயங்கியது. கிடங்கின் நிலைக்கல்லில் வெட்டியிருக்கும் ஆண்டில் கடைசி எண் தேய்ந்து, மூன்றா எட்டா என்று தெரியவில்லை. எதுவானாலும் நூறு வருடம் தாண்டியதுதான். ஆனாலும் தவறாக எழுதக் கூடாதே என்று ஆண்டுக்கு முன்னால் ‘சுமார்’ என்று சேர்த்தேன். ஒன்றுக்குப் போட்டால் எல்லாவற்றுக்கும் போடுவதுதானே முறை என்று ஐந்துக்கும் சேர்த்தேன். கட்டம் குறுகல். அந்தச் சொல் இடப்பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அது ‘கட்டடத்தின் தரம்’ என்ற கட்டம். அதிகாரி நிரப்பட்டும் என்று நான் காலியாக விட்டிருந்தது.

ஐந்தும் சுமார் ரகம், பாதுகாக்கத் தக்கவை அல்ல என்று உத்தரவு வந்துவிட்டது.

நேரில் போனேன். “பெரியவரே, நீங்களே சுமாருன்னு எழுதிட்டு இப்ப வந்து சூப்பருன்னா எப்படி?” என்றார் எழுத்தர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டேன் அம்மா. அதை நினைத்தால்தான் கூசுகிறது. மேல்முறையீட்டுக்கும் நாள் கடந்துவிட்டதாம்.

நேற்றுக் கிடங்கின் கதவைக் கழற்றினார்கள். “ஒரு ஆணி கூட ஆடல சார். இதப் போயி சுமாருன்னுட்டீங்களே!” என்றார் தச்சர். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

நம் வீட்டுக்கு இருபதாம் தேதி குறித்திருக்கிறார்கள். எனக்குப் புதுக் குடியிருப்பில் ஓர் அறை. உன் அம்மாவின் கட்டில் அறைக்குள்ளேயே வைத்துச் செய்தது, வாசல் வழியாக வராது. கழற்ற வேண்டும். நான் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனையை இன்னொருவர் பிடிக்க வேண்டும்.

உடம்பு எப்படி என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். நானும் சுமார், சுமார் என்றே எழுதி வந்திருக்கிறேன். அப்படியானால் வர வேண்டிய அவசரமில்லை என்று நீ எடுத்துக்கொண்டாய். உன்மேல் பிழை இல்லை. இந்த முறை அந்தச் சொல் இல்லாமல் எழுதுகிறேன். நான் நன்றாக இல்லை. இருபதாம் தேதிக்குள் வா.

விடுமுறை கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று இதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எழுத்து தெரிந்தாலும் நீ படிக்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா