மடியில் முடிந்த லாட ஆணி

மதினி, உங்கள் லாட ஆணி இப்போது என் கைக்குள் இருக்கிறது. வியர்வையில் நனைந்து துரு வாடை அடிக்கிறது. கையை மூக்கருகே கொண்டுபோனால் அந்த வாடையோடு நீங்களும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறீர்கள். எதிரே வெள்ளைக் கதவு, அதற்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. இரும்போடு யாரும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. உள்ளே படுத்திருப்பது உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர். அன்றைக்கு உங்களைப் படுக்கவைத்த அதே அறை. எனக்குப் பயமாக இருக்கிறது, உங்களிடம் சொல்வதற்கென்ன.

உங்களுக்கு வந்தது போலவே அவருக்கும் தொடையில்தான் கட்டி. உங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருவதாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் மகள் காலை மடக்கி உட்கார்ந்தாலே என் கண் அங்கேதான் போகிறது. கேட்டால் எரிந்து விழுவாள். அதனால் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நிலக்கோட்டைப் பக்கம் உங்கள் மல்லிகைத் தோட்டத்துக்கு நான் வாக்கப்பட்டு வந்த புதிதில், இருட்டோடு பூப் பறிக்கப் போக எவ்வளவு பயந்தேன் தெரியுமா? நீங்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு முன்னால் போவீர்கள். செடிக்கு அடியில் பாம்பு கிடந்தால், "ஏலே, ஓரமாப் போ" என்று ஒரு அதட்டுப் போடுவீர்கள். அது போகவும் செய்யும். அப்பேர்ப்பட்ட ஆள், வண்டி மாட்டின் காலிலிருந்து கழன்ற இந்த ஆணியை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் முடிந்துகொள்ளாமல் வீட்டுப் படி இறங்க மாட்டீர்கள். "இரும்பு கூட இருந்தா எதுவும் அண்டாது புள்ள" என்பீர்கள். எது அண்டாது என்று கேட்டால் மட்டும், "வேன் வரப்போகுது, பூவப் பறி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

இன்னொரு பழக்கமும் உங்களுக்கு உண்டு. குளவி கொட்டினாலும் வாயிலிருந்து ஒரு முனகல் வராது. "சொல்லச் சொல்லத்தான் வலி வளரும்" என்பீர்கள். தம்பியையும் அப்படியே வளர்த்து என் தலையில் கட்டினீர்கள். தொடையில் கட்டி வந்ததையும் சேலைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தீர்கள். நடை சாய்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

திண்டுக்கல்லில் ரயில் ஏறி இந்த ஊருக்கு உங்களை நாங்கள் அழைத்து வந்தோம். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் நமக்கு விளங்கும்படி சொன்னார். "கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகளை ஊசி வழியா கட்டிக்குள்ள விடுவோம். வெளியில காந்தத்த ஓட்டினா அந்தத் துகள் சூடாகும். அந்தச் சூட்டுல கட்டி வாடணும். இன்னும் ஆராய்ச்சியாத்தான் செய்யறோம். உறுதி சொல்ல முடியாது." நீங்கள் சிரித்தீர்கள். "உள்ளுக்குள்ளயே இரும்பக் காவலுக்கு வைக்கிறாக, இனி என்ன பயம்" என்றீர்கள். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

அன்றைக்குத் தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழற்றி என்னிடம் தந்தீர்கள். வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினீர்கள். நகையைத்தானே கேட்கிறார்கள், ஆணி நகையா என்று நினைத்திருப்பீர்கள். ஆஸ்பத்திரிப் பாவாடையின் நாடாச் சுருட்டலுக்குள் அது இருந்தது. காந்தம் ஓடியதும் துகளோடு சேர்ந்து ஆணியும் சூடேறியது. இடுப்புத் தோல் வெந்துகொண்டிருந்தது. கையில் அழைப்பு மணி கொடுத்திருந்தும் நீங்கள் அழுத்தவில்லை. வெளியே கொண்டுவந்து, ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா பதறியபோது நீங்கள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "சூடு ஏறணும்னுதானே சொன்னீக. ஏறுச்சு. வேலை செய்யுதுன்னு பொறுத்துக்கிட்டேன்."

புண் ஆறும்வரை சிகிச்சையை நிறுத்தி வைத்தார்கள். ஆறுவதற்குள் நோய் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். கடைசியாக உங்களைக் குளிப்பாட்டியபோது இடுப்பில் அந்தத் தழும்பு, ஆணியின் நீளத்துக்கே இருந்தது. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது மதினி. அழுகையும் அதோடுதான் வந்தது.

இந்த முறை ஊரிலிருந்து கிளம்பும்போது உங்கள் தம்பி மெதுவாகக் கேட்டார்.

"அக்கா வச்சிருந்த ஆணி எங்க?"

"எதுக்கு?"

"சும்மாதான். கூட இருந்தாத் தேவல."

இல்லை என்றால் எங்காவது ஒரு திருகாணியைப் பொறுக்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்வார். உங்கள் கூடப் பிறந்தவர்தானே. அதனால் எடுத்துக் கையிலேயே கொடுத்தேன். வழியெல்லாம் அவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இன்று உள்ளே போகும் முன் மடிப்பு மடிப்பாக அவர் துணியைத் தடவிப் பார்த்தேன். நர்ஸ் சிரித்தார், சிரிக்கட்டும். மஞ்சள் கோட்டருகே கையை நீட்டினேன்.

"குடுங்க. நான் வெளிய வச்சுக்கிட்டு நிக்கிறேன். உங்களுக்குச் சுட்டா வாயத் தொறந்து சொல்லணும்."

ஆணியைக் கொடுத்துவிட்டுத் தலையாட்டினார். உங்கள் வீட்டுத் தலையாட்டலை நான் எப்படி நம்புவது?

கதவோரம் ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளே பேசுவது வெளியிலும் கேட்கும். வெகுநேரம் இயந்திரத்தின் ரீங்காரம் மட்டும்தான் வந்தது. அவர் வாயே திறக்காதது எனக்கு எமனாக இருந்தது. எழுந்து கதவைத் தட்டிவிடலாமா என்றிருந்தபோது அவர் குரல் வந்தது.

"சுடுதுங்க. இடுப்போரம் எரியுது. நிறுத்துங்க."

ரீங்காரம் நின்றது. எனக்குத் தெரியாமல் வேறு இரும்பைக் கொண்டுபோய்விட்டார் என்றே நினைத்தேன். உங்கள் தழும்புதான் கண்முன் வந்தது. கதவைத் திறந்து வந்த, இயந்திரத்தை இயக்கும் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னான்: "பயப்படாதீங்கம்மா. தோல் மடிப்புல வேர்வை தேங்கி அந்த இடம் சூடாயிருச்சு. தொடச்சுத் துணி வச்சாச்சு. அவர் சொன்னதாலதான் தெரிஞ்சது."

மதினி, உங்கள் வீட்டில் ஒருவர் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கட்டி வாடுமா, யாருக்கும் தெரியாது. என் பயமும் போகவில்லை. உள்ளே மறுபடியும் ரீங்காரம் தொடங்கிவிட்டது. உங்கள் ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஆணி சூடாகத்தான் இருக்கிறது. அது என் கைச்சூடு.