இரண்டாம் பக்கத்து இருமல்

உன் இசைத்தட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது, மச்சான். உறையிலிருந்து உருவினால் பழைய மட்டை வாசத்தோடு நீ நெஞ்சில் பூசும் தைலத்தின் வாசமும் சேர்ந்து வருகிறது. முதல்நாள் முகர்ந்ததுமே திரும்ப உறைக்குள் தள்ளிவிட்டேன். வாசம் தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

நீ லண்டனில் படித்த காலத்தில், ஒரு மதுக்கடையின் மேல்மாடியில் நான்கு வெள்ளைக்காரப் பொடியன்கள் புளூஸ் இசை வாசித்தார்கள். அங்கேயே அதை ஒலிப்பதிவும் செய்தார்கள். அந்தக் குழு ஒரு குளிர்காலம்கூட ஒன்றாக நிற்கவில்லை. சண்டைபிடித்துப் பிரிந்து, ஆளுக்கொரு குழுவில் சேர்ந்து, உலகமெல்லாம் பெயர் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஒற்றை இசைத்தட்டே கடைக்கு வந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் பாடகன் நிறுத்துவான். கிட்டார் தொடங்குமுன் சிறிய அமைதி. அதற்குள் யாரோ ஒருவர் இருமுவார்.

“அது நான்தான்” என்பாய். பிறகு நீ குடியேறிய ரொக்ஸ்பரோவில் உன் வீட்டுக்கு வந்த எவரும் அதைக் கேட்காமல் சோற்றில் கைவைத்ததில்லை.

“லண்டன் முழுக்க நீ ஒருத்தன்தானே தடிமனும் இருமலும் பிடிச்சுத் திரிஞ்சனி?” என்று நான் சீண்டுவேன்.

“சிரி, நல்லாச் சிரி. ரெண்டாவது இருமலும் வந்தது. கிட்டார்காரன் என்னை முறைச்சுப் பாத்தான். அப்பிடியே விழுங்கிப்போட்டன்.”

பெயரெடுத்த பிறகு அவர்கள் வாசித்த எதுவும் உனக்குப் பிடிக்காது. “சுத்தம் கூடிப்போச்சு. இப்ப ஆரும் இருமினா வெட்டி எறிஞ்சுபோடுவாங்கள்.” உன் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்: “கலியாணத்துக்கு முந்தின இருமலுக்கு நான் பொறுப்பில்லை.”

நீ கண்ணை மூடிய பிறகு அவர் உன் குரலைத் தேடினார். வீடியோ எடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறவன் நீ. தொலைபேசியில் பதிவுக்கருவி பேசினால் வைத்துவிடுகிறவன். எங்கே கிடைக்கும்? சென்ற மாதம் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, பிள்ளையளின்ரை ஃபோனிலையும் ஒண்டுமில்லை. அவரின்ரை சத்தம் மறந்துபோகுமோ எண்டு பயமாக் கிடக்கு.”

பனிக்குள் ரயிலேறிப் போனேன். அலுமாரியிலிருந்து இந்த இசைத்தட்டை எடுத்து, சரியோ பிழையோ தெரியாமல், இரண்டாம் பக்கத்தைப் போட்டேன்.

இருமல் வந்தது. இத்தனை வருடம் நான் கேலிசெய்த இருமல். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்து கேட்டேனே, அடுத்தடுத்து இரண்டாக வரும், அதில் முதலாவது. நீ சொன்னது உண்மை, மச்சான்.

திரும்பிப் பார்த்தால் கதிரையில் உன் மனைவி இல்லை. அடுப்படியில் குழாய்ச் சத்தம். நான் போகும்போது அடுப்பில் தண்ணீர் ஏறியிருந்தது. உள்ளங்கையில் இருமலுக்கு அவிக்கும் கொத்தமல்லியோடு அப்படியே நின்றார்.

“ஆருக்கு அண்ணை நான் இதைப் போடுறன்?”

பிறகு அவரே போட்டு அவித்தார். இருவரும் குடித்தோம். கடித்துக் குடிக்கப் பனங்கட்டி தர மறந்துவிட்டார், நானும் கேட்கவில்லை.

வெளிக்கிடும்போது இசைத்தட்டைக் கையில் தந்தார். “கொண்டுபோங்கோ. இஞ்சை கிடந்தா நான் நெடுகவும் சுடுதண்ணி வைச்சுக்கொண்டுதான் நிப்பன்.”

இப்போது பின்னேரங்களில் நான்தான் போடுகிறேன். நீ இருமுகிறாய், கிட்டார் தொடங்குகிறது, பாட்டு முடிந்து ஊசி எழும்புகிறது. அதன் பிறகும் அசையாமல் இருக்கிறேன். மெட்ரோவில் பின்னால் யாராவது ஒருமுறை இருமினாலும் எனக்குக் கழுத்து விறைத்துவிடுகிறது. அடுத்தது வரவேண்டுமே என்று காத்திருக்கிறேன்.

விழுங்கி வைத்தது போதும். இங்கே உன்னை முறைத்துப் பார்க்க ஒருவனும் இல்லை. இருமிவிடு, மச்சான்.