கைமனம் தாண்டாத வண்டி

அன்பு மகள் இசக்கிசெல்விக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீ அங்கே மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டியிலும் ஒரு குறையில்லாமல் இருக்க நம்ம அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. போனில் நீ கேட்கும்போதெல்லாம் எல்லாம் நல்லாயிருக்கு என்று சொன்னேனே, அது உன் அப்பா பக்கத்தில் நின்று சொல்லவைத்தது. போன் அவர் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். உன்னோடு வேலை பார்க்கிற ஜிஜி லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறாள் அல்லவா, நாரத்தங்காய் ஊறுகாய் பாட்டிலோடு இதையும் அவள் பையில் வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் கைக்கு வந்துவிடும். ஊறுகாயை அப்புறம் திற, முதலில் இதைப் படி.

நீ அனுப்பிய பணத்தை வைத்து அப்பா வாங்கினாரே அந்தப் பழைய பைக், அதுதான் எங்களைப் படுத்துகிறது. அக்ரஹாரத்துப் பஞ்சாபகேசன் சார் ஓட்டின வண்டி, ஒரு கீறல் கிடையாது, முதல் இரண்டு வாரம் ராஜா மாதிரி ஓடியது. அப்பா ஒரு பக்கம் சாயா கேனையும் மறுபக்கம் வடைப் பாத்திரத்தையும் கட்டிக்கொண்டு பாப்பனங்கோட்டில் அந்தப் பெரிய கட்டடம் கட்டுகிற இடத்துக்குப் போய்ப் பத்து மணிச் சாயா கொடுத்துவிட்டு வருவார். தொடையில் கம்பி வைத்த காலோடு அந்த மனுஷர் சாரத்தில் ஏறாமல் தரையில் நின்று சம்பாதிக்க ஒரு வழி கிடைத்ததே என்று நான் எத்தனை சந்தோஷப்பட்டேன் தெரியுமா. அப்புறம் என்ன கண் பட்டதோ, வீட்டு வாசலில் ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகும், கைமனம் ஜங்ஷன் வருவதற்குள் இருமி இருமி நின்றுவிடும். நின்றால் லேசில் கிளம்பாது. ஆரம்பத்தில் பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க்கைத் திறந்து பார்ப்பார், இருக்கும், மூடிவிட்டு மிதிப்பார், கிளம்பிவிடும். அப்புறம் டேங்க்கை நிரப்பியே வைக்கத் தொடங்கினார், அதனால் திறந்து பார்ப்பதையும் விட்டுவிட்டார், மிதிப்பதுதான். வலது காலால்தானே மிதிக்க வேண்டும், அந்தக் கம்பி வைத்த காலால். வீட்டுக்கு வந்து தொடையில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

மெக்கானிக்கிடம் காட்டாமல் இல்லை. ஒருவர் பிளக்கை மாற்றினார், இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அவர்கள் தொட்டதும் டேங்க்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மிதிப்பார்கள், வண்டி சமர்த்தாகக் கிளம்பும், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒரு கோளாறும் இல்லை என்பார்கள். மறுநாள் கைமனத்தில் பழைய கதை. நான் பொறுக்கமாட்டாமல் பஞ்சாபகேசன் சார் வீட்டு வாசலில் போய் நின்று, படித்த மனுஷர் ஓட்டை வண்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்களே என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன். அவர், எங்காத்துல ஒரு நாளும் அது நின்னதில்லைம்மா, குழந்தை மாதிரி பாத்துண்டேன் என்றார். நான் நம்பவில்லை.

என்னால் ஆனது சாமிதான். வண்டி வந்த அன்றைக்கே எலுமிச்சம்பழம் கட்டி, விளக்குக்கும் டேங்க் மூடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன், பெட்ரோல் ஊற்றுகிற இடம்தானே வண்டிக்கு வாய், அங்கே வைக்காமல் வேறு எங்கே வைப்பது. வெள்ளிக்கிழமைதோறும் வைத்தது போய், வண்டி நிற்க ஆரம்பித்த பிறகு தினமும் குளித்ததும் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வைத்தேன். நேற்றையதைத் துடைக்க மனசு வராது, அதன் மேலேயே வைப்பேன். ஒரு நாள் அதிகம் நின்றால் மறுநாள் பொட்டு இன்னும் பெரிதாகும்.

இதற்கிடையில் உச்சிமாகாளி கொத்தனார் வந்து, அண்ணாச்சி, சாரத்துல ஒரு ஆளு குறையுது, மேல நின்னு பிடிச்சா போதும் என்று கூப்பிட்டுவிட்டுப் போனார். அப்பா திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். செல்வி, உன் அப்பா மறுபடியும் சாரத்தில் ஏறப்போகிறார். எந்தச் சாரத்திலிருந்து விழுந்து தொடை முறிந்து நீ படிப்புக்கு நடுவில் ஓடி வந்தாயோ, அதே மாதிரிச் சாரத்தில். நான் காலைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. இந்த வண்டியைத் தள்ளிக்கிட்டு ஊர் சிரிக்க நடக்கதுக்கு, மேல இருந்து விழுந்தா பரவாயில்ல என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் ஏது.

இன்றைக்குக் காலையில், நின்றால் தள்ள ஒரு ஆளாவது வேண்டும் என்று வடைப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறிவிட்டேன். கைமனத்துக்கு முன்னால் சொல்லிவைத்தாற்போல் நின்றது. மிதித்தார், மிதித்தார், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது, கால் நடுங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. நீங்கள் தள்ளிப் போங்கள் என்று நானே டேங்க்கைத் திறந்தேன். மூடி இழுபட்டு வந்தது, உஸ் என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. மூடிவிட்டு மிதிக்கச் சொன்னேன், இரண்டாவது மிதியில் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் திரும்ப இருமியது, திறந்தேன், திரும்ப அதே உஸ். அப்போதுதான் மூடியை உற்றுப் பார்த்தேன். நான் வைத்த சந்தனம் காய்ந்து கல்லாகி இருந்தது, நகத்தால் சுரண்டினால் அடியில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை அடைபட்டுக் கிடக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள் காற்றுப் போகிற வழி அதுதான், அதை நாள்தோறும் குளித்து முழுகி நானே அடைத்திருக்கிறேன். தாலிக்கொடியில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தி எடுத்தேன். அப்புறம் பாப்பனங்கோடு வரைக்கும் ஒரு இருமல் இல்லை. வண்டியில் உட்கார்ந்தபடி நான் அழுத அழுகை அப்பாவுக்குக் கேட்டிருக்காது.

ஆனால் போய்ச் சேரும்போது கைமனத்துச் சாயாக்கடைக்காரர் அங்கே நமக்குப் பதிலாகச் சாயா ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற என்ஜினியர் ரேஷ்மி நல்ல பிள்ளை, அதற்கே சங்கடம், சேச்சி, ஞான் எத்தனை நாள் காத்திருந்தேன், பணிக்காரங்க சாயா இல்லாம நிக்குமோ என்றது. நான் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டை விஷயத்தைச் சொன்னேன். திங்களாழ்ச்ச பத்து மணிக்கு வரட்டும், அன்னைக்கும் வரலேன்னா பின்னே என்கிட்ட ஒண்ணும் பறையண்டா என்று, திங்கட்கிழமைதான் கடைசித் தவணை என்று சொல்லியிருக்கிறது.

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். திரும்பி வரும்போதும் வண்டி நிற்கவில்லை. வீட்டில் வந்து உட்கார்ந்து, இன்னைக்கு ஓடுச்சு, திங்கக்கெழமை நிக்கும், ஒரு ஊசி ஓட்டைக்கா நான் இத்தனை நாளு மிதிச்சேன் என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உச்சிமாகாளியிடம் கொடுத்த வாக்கை மாற்றமாட்டாராம். பழைய சாரத்துச் சட்டையைத் தேடி எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார், அது சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

நான் சொன்னால் எடுபடாது தாயி, அடைத்தவளே நான்தானே. நீ சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அப்பாவைக் கூப்பிடு. அழாதே, சாரத்தைப் பற்றி முதலில் பேசாதே, அவர் கடுப்பாகிவிடுவார். வண்டி எப்படி ஓடுது அப்பா, ஒரு தடவை கைமனம் வரைக்கும் போய்ட்டு வந்து சொல்லுங்க என்று கேள். இரண்டு தடவை போகச் சொல். ஓடுவதை அவரே பார்க்கட்டும், அப்புறம் மற்றதைச் சொல். நாளைக்கு நான் பஞ்சாபகேசன் சாரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்தத் தெருவில் எப்படித் தலையை நிமிர்த்தப்போகிறேனோ.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. அம்மன் உன்னை எந்த ஊரிலும் கைவிடாமல் காக்கட்டும், உன் கால் நடக்கிற வழியெல்லாம் பூவாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் வரவையும் உன் போனையும் எதிர்பார்த்திருக்கும் அம்மா
பூமாரி
கரமனை

எழுத விட்டுப்போனது: அந்த ஊக்கை நான் தாலிக்கொடியில் திரும்ப மாட்டவில்லை, வண்டிச் சாவியோடு கோர்த்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்துக் கொடியில்தான் அந்தச் சட்டையும் காய்கிறது. திங்கட்கிழமை காலையில் அவர் கை எதை எடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.