தக்கை முங்கும்போது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். மற்ற செய்திகளுக்கு முன்னால் ஒரு பிழைதிருத்தம். உன் அம்மா தண்ணி போடுவதில்லை. உன் அத்தை அக்காவிடம் சொல்லி, அக்கா உன்னிடம் சொல்லி, நீ மருமகளை விட்டு நாசூக்காக விசாரிக்கச் சொன்னாயே, அந்தச் செய்தியில் ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் சரி, மீதி எல்லாம் பிழை. அத்தை வந்திருந்தபோது நான் அப்பாவின் சிநேகிதர் பல் டாக்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். போன வாரம் தண்ணி நன்றாக இருந்தது, இந்த வாரம் எப்படியோ, எதற்கும் கொஞ்சம் சீக்கிரமே போய்விடலாம் என்றேன். அத்தை குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை பார்த்தவளைப் பற்றி இப்படி ஒரு பிழை ஊர் சுற்றுவதை நான் சும்மா விட முடியாது. நான் ஏரிக்குப் போகிறேன். மீன் பிடிக்க. சரியாகச் சொன்னால், மீன் பிடிப்பவருக்குத் துணையாக.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, உண்மையில் அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆஸ்பத்திரியில் நீ பெட்டியும் கையுமாக வந்து நின்றபோது அப்பா "இப்போ" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார், பிறகு பேசவேயில்லை. அதை நீ "இப்போதான் வந்தாயா" என்று எடுத்துக்கொண்டாய் என்றும், இன்னும் ராத்தூக்கத்தில் அதையே சொல்லிக்கொள்கிறாய் என்றும் மருமகள் சொன்னாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நீ போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாததற்குக் காரணம் வேலை இல்லை என்று எனக்கும் தெரியும். அந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் கிடைத்த வழியோடு சொன்னால்தான் நீ நம்புவாய், அதனால் பக்கத்தைத் தாவிப் போகாமல் வரிசையாகப் படி.

அப்பா காலமானதற்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். தன் காரில் கிடந்த அப்பாவின் பிளாஸ்க்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். காரை ஓட்டி வந்தவர் வேறு ஒருவர், பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர், ஏரியில் இவர்களோடு ஒற்றைக்காலில் நின்றே மீன் பிடிப்பாராம், அதனால் எல்லோருக்கும் அவர் கொக்கு. நான் டாக்டரிடம் பல வருஷமாக மனதில் இருந்ததைக் கேட்டேன். வாரா வாரம் விடியும் முன்னால் போவீர்கள், பொழுது சாய்ந்து வருவீர்கள், ஒரு மீன்கூட வீட்டுக்கு வந்ததில்லை, அங்கே என்னதான் செய்தீர்கள் என்று. "சும்மா உக்காந்திருப்போம் தங்கச்சி" என்றார். சும்மா என்பது ஒரு பதிலா? அப்பாவிடம் கேட்டாலும் இதே சும்மாதான். இரண்டு படித்த ஆண்கள் பாதி ஆயுளைச் சும்மாவில் கழித்தார்கள் என்றால் அந்தச் சும்மாவில் ஏதோ இருக்க வேண்டும். நேரில் பார்க்க வேண்டும் என்றேன். அவர் தயங்கினார், கொக்குதான், பின்சீட்டு காலியாத்தான் இருக்கு, வாங்கம்மா என்றார்.

அடுத்த வாரம் ரொட்டியும் அவித்த முட்டையும் குடையும் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணா, எனக்கு இந்த வயதில் இவ்வளவு கேள்விகள் வரும் என்று நான் நினைக்கவில்லை. மீனுக்குக் காது உண்டா, மண்புழு இல்லாமல் ரொட்டி மாவுக்கு ஏன் வருகிறது, தூண்டிலில் கட்டிய தக்கை தண்ணீரில் நேராக மிதக்க எவ்வளவு ஈயம் வேண்டும், ஒரே ஏரியில் இந்த மூலைக்கு மட்டும் ஏன் ஆள் கூடுகிறது. டாக்டர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார், கொக்கு மட்டும், பாவம் மீனு, அதையும் பரீட்சைக்கு உக்கார வெச்சுருவாங்க போல என்றார். அங்கே ஒரு மரியாதை இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாக வந்து உட்காருகிறவர் மீன் கிடைத்ததா என்று கேட்கக் கூடாது. "தண்ணி எப்படி?" என்றுதான் கேட்க வேண்டும். கலங்கலா தெளிவா, அசைவு இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, அதற்குள் எல்லாப் பதிலும் வந்துவிடும். ஏன் இப்படி என்று கேட்டேன். "மீனக் கேட்டா மனுசன் பொய் சொல்லியாகணும்மா, தண்ணியக் கேட்டா உண்மையச் சொல்லிட்டுப் போயிரலாம்" என்றார் கொக்கு. அத்தையின் காபி ஆறிப்போனதற்குக் காரணமான சொல் இதுதான். உன் அப்பாவும் வீட்டுக்கு வந்ததும் இன்னைக்குத் தண்ணி பிரமாதம் என்பார், அத்தை அந்தக் காலத்திலேயே தன் தம்பியின் வாயை முகர்ந்து பார்த்தவள்தான்.

பிறகு பேச்சு அடங்கிவிட்டது. கான்வென்ட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக்கியது இத்தனை காலம் கழித்து உதவியது. டாக்டரின் தக்கை சிவப்பு, ஒரு முற்றுப்புள்ளி அளவுதான் தெரியும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கியது, சாய்ந்தது, முங்கியது. டாக்டர் அசையவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து அக்கரை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் ஒரு மரியாதை போலிருக்கிறது என்று பேசாமல் இருந்தேன். மறுபடி முங்கியது, மறுபடியும் அவர் மரத்தைத்தான் பார்த்தார். கடைசியில் தூண்டில் நரம்பைச் சுற்றி எடுத்தால் முள் மட்டும் வந்தது, இரை இல்லை. இன்னைக்கு ஒண்ணும் தொடவே இல்ல என்றார். கண்ணெதிரே பிழை போகும்போது விட்டுவிட எனக்குத் தெரியாது. தக்கை முங்கியது டாக்டர், நான் பார்த்தேன், நீங்கள் ஏன் இழுக்கவில்லை என்று கேட்டேன். கொக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் வெறும் முள்ளை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். "நேராப் பாக்குறது மட்டும் மறைஞ்சுபோகும் தங்கச்சி. உங்க குடை தெரியுது, தோள் தெரியுது, முகம் தெரியல. மரத்தப் பாத்தா ஓரத்துல தண்ணி தெரியும், தக்கை தெரியாது." கண்ணின் நடுவில் வந்த கோளாறாம், மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் கார் ஓட்டுவதை விட்டிருக்கிறார். அவர் வீட்டில் ஏரிப்பக்கமே போகக் கூடாது என்கிறார்களாம். அப்படியென்றால் இவ்வளவு நாள் எப்படிப் பிடித்தீர்கள் என்றேன். "அவன் சொல்லுவான்" என்றார் உன் அப்பாவை நினைத்து, அவ்வளவுதான். இதையெல்லாம் அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அப்படியானால் நான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத்துக்கு எழுத்து பார்த்த கண் எனக்கு, ஒரு தக்கை பெரிய விஷயமா? மாவை வைத்து மறுபடி வீசினார். தக்கை சாய்ந்ததும் நான், டாக்டர், தக்கை இடது பக்கம் சாய்ந்து முங்குகிறது, இழுங்கள் என்றேன். இழுத்தார், ஒன்றும் இல்லை. கொக்கு விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க முற்றுப்புள்ளி வைக்கிறதுக்குள்ள மீனு வீட்டுக்குப் போயி சாப்புட்டு படுத்துருச்சும்மா. ஒத்தச் சொல்லாச் சொல்லணும். உங்க வீட்டுக்காரர் 'இப்போ'ம்பாரு, டாக்டர் சுண்டுவாரு."

கண்ணா, ஆஸ்பத்திரியில் கேட்ட அதே சொல். நான் தக்கையையே பார்த்தேன். அது மறுபடி முங்கியபோது நானே "இப்போ" என்றேன். டாக்டர் சுண்டினார், கோல் வளைந்தது, உள்ளங்கை நீளத்துக்கு வெள்ளிபோல ஒரு மீன். பல் பிடுங்கிய விரல்கள் அல்லவா, வலிக்காமல் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். வீட்டுக்கு மீன் வராத ரகசியமும் அதுதான், பிடித்ததை எல்லாம் திருப்பி விட்டுவிடுவார்களாம்.

அதற்குப் பிறகுதான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது டாக்டர்தான். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, நீ கட்டிலைத் தவிர வேறு எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. என்ன நடந்தது, சொல்லுக்குச் சொல் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார்: "நாலு நாளா எங்கிட்ட பையன் வந்துட்டானா, வந்துட்டானான்னுதான் கேட்டுக்கிட்டிருந்தான். வாசல்தான் எனக்குத் தெரியாதே, அவன்தான் பாத்துக்கிட்டிருந்தான். திடீர்னு என் கையப் புடிச்சு 'இப்போ'ன்னான். திரும்பினேன், ஓரத்துல ஒரு பெட்டி தெரிஞ்சுது. எனக்குச் சொன்னான் தங்கச்சி, வந்துட்டான்னு." நீ அதை வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்றதும் மனுஷர் கோலைக் கீழே வைத்துவிட்டார், இத்தனை நாள் எனக்குத் தெரியாமப்போச்சே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஊகித்துத் திருத்துகிறவள் இல்லை, மூலப் பிரதியோடு ஒப்பிட்டுத்தான் திருத்துவேன் என்று உனக்குத் தெரியும். அந்தச் சொல்லை அப்பா எப்படிச் சொல்வார் என்று டாக்டரையும் கொக்கையும் தனித்தனியாகச் சொல்லிக்காட்டச் சொன்னேன். இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், கடைசி எழுத்தை அழுத்தி, வெடுக்கென்று, நாம் கேட்டது போலவே. காத்திருந்தது வந்துவிட்டால் அவர்களுக்குள் சொல்லிக்கொள்கிற சொல் அது. கேள்விக்குறி நீ போட்டது. மூலத்தில் அது இல்லை. எடுத்துவிடு.

அவ்வளவுதான். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கூடப் போவதானால் டாக்டரை ஏரிக்கு விடுவதாக அவர் வீட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதனால் என் முழங்காலைக் காட்டி நீங்கள் யாரும் தடுக்க வேண்டாம். அத்தைக்கு நானே விளக்கிவிட்டேன், நம்பவில்லை, அடுத்த வாரம் வேவு பார்க்க வருகிறாள், நன்றாக வரட்டும். பேத்திக்குப் பால்பல் ஆடுகிறதாமே, நூல் கட்டி இழுக்காதே, அதுவாக விழட்டும் என்று டாக்டர் சொல்லச் சொன்னார். நின்றுகொண்டே சாப்பிடாதே. வேளைக்குத் தூங்கு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவின் சார்பிலும் சேர்த்து வாழ்த்துகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்யாதே, நீ இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். உட்கார்ந்து உன் கையால் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா