அறுபத்து மூன்றாம் கோபுரத்தின் இடம்

17 ஜனவரி
மூன்றாவது நாளாகக் கரண்ட் இல்லை. இந்த மலைக்கு வரும் ஒரே உயர் அழுத்த லைன், நான் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால் போட்டது. கம்பியின் மேல் என் மணிக்கட்டுப் பருமனுக்குப் பனி உறைந்திருக்கிறது. 63ஆம் மின்கோபுரத்தில் கம்பியைத் தாங்கும் மேல்கை முறிந்து தொங்குகிறது. அதன் கால்கள் துருவேறிவிட்டன என்று ஆறு வருடமாக எழுதிக் கொடுக்கிறேன். லைன் ஆய்வாளர் என்ற முறையில் எழுதுவது என் வேலை. படிப்பது யார் வேலை?

அக்கா வெலிகாவின் கணவர் அசென், ஈயச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவர். அவருடைய ஆக்ஸிஜன் மெஷின் கரண்ட்டில் ஓடுவது. டிராக்டரில் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு போனேன். உதடு நீலம் பாரித்திருந்தது. “வந்துட்டியா, லைன்காரி” என்றார். அந்த இரண்டு சொல்லுக்கே மூச்சு வாங்கியது.

18 ஜனவரி
கரண்ட் வந்துவிட்டது. மேல்கையில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒட்டு!

2 மார்ச்
மலைப்பகுதி லைன் முழுவதையும் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவு வந்திருக்கிறது. “எல்லாம் உன் அறிக்கையாலதான், ருமியானா” என்று எங்கள் தலைமைப் பொறியாளர் தெல்செவ் கை குலுக்கினார். கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். ஆறு வருடம்.

9 ஏப்ரல்
புது லைன் போக எல்லா நில உரிமையாளரும் சம்மதக் கையெழுத்துப் போட்டாயிற்று, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் என் அக்கா.

போய்ப் பேசினேன். பிளம் தோட்டத்து வாசலிலேயே நிறுத்திவைத்தாள்.

“கோபுரத்தப் பழைய எடத்துல நட்டா நான் ஏன்டி மறிக்கப் போறேன்? என் தோட்டத்து நடுவுல எதுக்கு?”

“பொறியாளருங்க கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்காங்க. உனக்குப் பத்து மரம் பெருசா, மாமாவோட மூச்சு பெருசா? அவரைக் கொல்லப் பாக்கிறியா?”

அக்கா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல் சாத்தினாள், அதுதான்...

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கும் ஆத்திரம். ஊரே இருட்டில் கிடந்ததே.

11 ஏப்ரல்
தூக்கம் வரவில்லை என்பதால் காலையிலேயே அலுவலகம் போய்ப் புது லைனின் வரைபடத்தைப் பிரித்தேன். நான் பார்த்ததே இல்லை! என்னிடம் கேட்டது துருவைப் பற்றி மட்டும்.

62ஆம் கோபுரம் வரை லைன் நேராக வருகிறது. அங்கே திடீரென்று இடப்பக்கம் ஒடிந்து, அக்கா தோட்டத்துக்குள் இறங்கி, 66இல் மறுபடி பழைய தடத்துக்கு ஏறுகிறது. பாறையா? இல்லை. மண்சரிவா? இல்லை. பழைய 64ஆம் கோபுரத்துக்கு எதிரே ஒரு ஹோட்டல் எழும்பிக்கொண்டிருக்கிறது. மாவட்டத் தலைவரின் மச்சானுடையது. பால்கனியிலிருந்து பார்த்தால் கம்பி தெரியக் கூடாதாம்.

அதைவிட மோசம், அந்த வளைவு விழும் சரிவில்தான் வடகாற்று நேராக மோதுகிறது. உறைபனி அங்கேதான் அதிகம் கட்டும். அதுவும் என் அறிக்கையில் இருக்கிறது, நாலாம் பக்கம். இரண்டு நாளாக என் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தேன். நான்!

12 ஏப்ரல்
தெல்செவிடம் கேட்டேன். “புது லைன் வேணும்னு அழுதே, குடுத்தாச்சு. இனி வளைஞ்சு போனா என்ன, நெளிஞ்சு போனா என்ன? நிறுத்தி வச்சா அடுத்த குளிருக்கும் பழைய லைன்தான். மாமாவை நெனச்சுக்கோ.”

மாமாவை நினைக்கச் சொல்கிறான். அக்காவிடம் நான் வீசிய அதே சொல். அவன் வாயில் கேட்டபோதுதான் அதன் நாற்றம் தெரிந்தது.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

23 மே
ஊர் மன்றத்தில் பொதுக் கூட்டம். வளைவு பாதுகாப்பானது என்று தெல்செவ் பத்து நிமிடம் பேசினார். எழுந்தேன். “உக்காரு, வேலை போயிடும்” என்று பல்லைக் கடித்தார். என் அறிக்கையின் நாலாம் பக்கத்தை வாசித்தேன்.

கடைசி வரிசையிலிருந்து அசென் மாமா, மடியில் சிறு சிலிண்டரோடு, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: “அந்த ஹோட்டல்... யாருது?”

மேடையில் தெல்செவ் காகிதங்களைப் புரட்டினார். ஊருக்கே தெரியும். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, “என் கையெழுத்தத் திருப்பிக் குடு” என்றார்கள்.

அக்கா என்னைப் பார்க்காமலேயே மாமாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

4 ஜூன்
மாற்றல் உத்தரவு. தான்யூப் நதிக் கரை, வடக்குச் சமவெளி. மீட்டர் சோதனைப் பிரிவு. மலை ஏறும் பெண்ணுக்கு மலையே இல்லாத ஊர். யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

30 ஆகஸ்ட்
பழைய நேர்த்தடத்திலேயே கட்டுகிறார்களாம். கோபுரம் கட்டும் ஆட்கள் சொன்னார்கள். அலுவலகத்திலிருந்து ஒரு வரி இல்லை.

14 நவம்பர்
புது லைனில் கரண்ட் ஏற்றிவிட்டார்கள். திறப்பு விழாப் படத்தில் தெல்செவ் ரிப்பன் வெட்டுகிறார். பத்திரிகையைக் கசக்கி அடுப்பில் போட்டேன். குளிராவது போகட்டும்.

8 ஜனவரி
நேற்று மலையில் பெரும் உறைபனி. காலையில் மின்தடைப் பட்டியலை எடுத்து மூன்று தரம் பார்த்தேன். மேற்கில் இரண்டு லைன், கிழக்கில் ஒன்று. எங்கள் லைன் அதில் இல்லை.

மத்தியானம் அக்கா போன் செய்தாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை.

“அந்த ஊருல என்னத்தடி திங்கிறே? மெலிஞ்சு போயிட்டேன்னு சொல்றாங்க.”

“யாரு சொன்னது?”

“யாரோ. ஊறுகா ஜாடி ரெண்டு பஸ்ல குடுத்து விடுறேன், போய் வாங்கிக்கோ.”

நாற்பது நிமிடம் பேசினோம். லைன் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.