டைல்ஸ் போட்டவளும் போடாதவளும்

அக்கா, காலையில இருந்து நீங்க இருந்த பக்கத்துல ஈரச் சீமெந்து வாசம். புதுசா குடி வந்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் குசினித் தரைக்குப் பூச்சுப் போடுறாங்க. சொந்தக் காசுல தான். மெஷின்ல உக்காந்து ப்ளவுஸுக்குக் கை வச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வாசம் மூக்குல ஏறினதும் பழைய வயித்தெரிச்சல் எல்லாம் கிளம்பிருச்சு. அவங்க மேல இல்ல. உங்க மேல தான்.

செத்துப் போனவங்க மேல பொறாமைப்படுறது என்ன புத்தின்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டுப் பாத்துட்டேன். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட கூட சொன்னேன். "ஜெபிம்மா"ன்னாரு. ஜெபிச்சேன். போகலை. அதுதான் எழுதியாவது பாப்போம்னு உக்காந்திருக்கேன்.

ஒரே வீட்டை நடுவுல செவரு வச்சுப் பிரிச்சு, இந்தப் பக்கம் எங்களுக்கும் அந்தப் பக்கம் உங்களுக்கும் வீட்டுக்காரச் சிங்கள அம்மா, அந்த நோனா, வாடகைக்குக் குடுத்திருந்தாங்க. தெரணியகலை பஸ் ஸ்டாண்ட்ல இருந்து மேல ஏறுற ரோட்டுல, முன்னுக்கு ரெண்டு கொய்யா மரம் நிக்கிற வீடு. நீங்க வடக்குல இருந்து பிரதேச செயலகத்துக்கு கிளார்க்கா மாற்றலாகி வந்தவங்க. நான் இங்க இருந்து ஆறு கட்டை தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்து லயத்துல பொறந்து வளந்தவ. நீங்க ஒத்த ஆளு. நாங்க மூணு பேரு, தையல் மெஷினோட நாலு. ஏழு வருஷம் செவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா இருமிக்கிட்டு, தேத்தண்ணி மாத்திக்கிட்டு, மழை பேஞ்சா ஒருத்தர் துணியை ஒருத்தர் எடுத்து வச்சுக்கிட்டு இருந்தோம். சினேகிதம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஏழு வருஷத்துல உங்களைப் பாத்து நான் வயிறு எரியாத நாள் எத்தனைன்னு விரல் விட்டு எண்ணிரலாம்.

முதல்ல அந்த நாற்காலி. நோனா வீட்டுக்கு வாடகை குடுக்கப் போனா உங்களுக்கு நாற்காலி வரும். "வாடிவென்ன மிஸ்"னு உக்கார வைப்பாங்க. எனக்கு வாசப்படி. இத்தனைக்கும் எனக்கு சிங்களம் தண்ணி பட்ட பாடு. உங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தடுக்கித் தடுக்கித் தான் வரும். நீங்க தப்பா ஒண்ணைச் சொல்லிட்டு வெட்கப்பட்டுச் சிரிப்பீங்க, நோனாவும் சேர்ந்து சிரிச்சு உங்க கையைப் புடிச்சுக்குவாங்க. நான் சுத்தமாப் பேசிட்டு படியில உக்காந்து அதைப் பாத்துக்கிட்டு இருப்பேன்.

வந்து ரெண்டாம் வருஷம் நோனாகிட்ட போய், முன் ரூமுக்கு டைல்ஸ் போட்டுக்கலாமான்னு கேட்டேன். தைக்கக் குடுக்க வர்ற பொம்பளைங்க உடைஞ்ச தரையைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்கிறாங்கன்னு சொன்னேன். "ஓன தெயக் கரகன்ன"ன்னாங்க. என்ன வேணும்னாலும் செஞ்சுக்கன்னு அர்த்தம். அக்கா, அந்த ஒரு வார்த்தை எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்காது. லயத்துல நாங்க இஷ்டத்துக்கு ஒண்ணும் செய்ய முடியாது. கூரைத் தகரம் ஒழுகினா ஆபீஸுல துண்டு எழுதி வாங்கணும். பக்கத்துல ஒரு சாய்ப்பு இறக்கினா தொரை ஆள் அனுப்பி பிரிக்கச் சொல்லுவாரு. எங்கப்பா கதவை மாத்திப் போட்டதுக்கு ரெண்டு நாள் வேலை குடுக்காம நிறுத்தி வச்சாங்க. அப்படி வளந்தவகிட்ட போய் என்ன வேணும்னாலும் செய்ன்னா? எனக்குக் கிறுக்கே புடிச்சிருச்சு.

தரைக்கு டைல்ஸ் போட்டேன். மெஷினுக்கு வெளிச்சம் வேணும்னு செவத்தை உடைச்சு பெரிய ஜன்னல் வச்சேன். பின்னால பாத்ரூம் கட்டினேன், கொமட்டோட. ரெண்டு சீட்டும் போச்சு, கழுத்துச் செயினும் போச்சு. மேசன் பாஸ் கடைசி டைல்ஸை ஒட்டினதும் உங்களைத் தான் முதல்ல கூப்பிட்டுக் காட்டினேன். உண்மையைச் சொன்னா, நீங்க பாக்கணும்னு தான் பாதியும் செஞ்சேன். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து, காலால தடவிப் பாத்துட்டு, "வடிவாத் தான் இருக்கு. ஆனா ஆரோ ஒருத்தரிண்ட வீட்டுக்கு நீர் ஏன் இவ்வளவு காசைக் கொட்டுறீர்?"ன்னீங்க.

"இருக்கிற வரைக்கும் இது எங்க வீடு தானேங்க அக்கா"ன்னேன்.

உங்க முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் உங்க வீட்டைப் பத்திச் சொன்னீங்க. நாலு அறை, ஓட்டுக் கூரை, நல்ல தண்ணிக் கிணறு, சுத்தி வேலி. யாரு இருக்காங்கன்னு கேட்டதுக்கு, "சனம் இருக்கினம், பாத்துக்கொள்ளினம்"ன்னீங்க. சொந்தக்காரங்கன்னு நெனச்சுக்கிட்டேன். புது டைல்ஸ் மேல நின்னுக்கிட்டு, நான் பாக்காத ஒரு வீட்டை நெனச்சு எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை.

உங்க பக்கத்துக் கூரை ஒழுகும். நீங்க கட்டிலை இழுத்து மறுபக்கம் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குவீங்க. சாரல் அடிக்கிற ஜன்னலுக்கு பழைய பேப்பரை மடிச்சுச் செருகுவீங்க. எங்க வீட்டுக்காரரு த்ரீவீலரை நிறுத்திட்டு, நான் ஏறி ஒரு தகரத்தை மாத்தி விடுறேன் மிஸ்ன்னு எத்தனை தரம் கேட்டாரு? "வேண்டாம் தம்பி, இது எண்ட வீடில்லைத் தானே"ன்னு சொல்லிட்டீங்க. எங்களுக்கு அது திமிராத் தெரிஞ்சுச்சு. எப்படி ஒரு பொம்பளை தான் இருக்கிற வீட்டை வீடாவே பாக்காம இருக்கிறா? இப்பத் தான் விளங்குது. உங்களுக்கு எங்கேயோ ஒண்ணு இருந்துச்சு. அதனால ஒழுகுற கூரைக்குக் கீழயும் தூக்கம் வந்துச்சு.

சாமான் விலை எல்லாம் ஏறின பிறகு ஒரு நாள் நோனா சொல்லி அனுப்பினாங்க. ரெண்டு பக்கத்துக்கும் வாடகை ரெண்டாயிரம் கூடுதுன்னு. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். இவ்வளவு செலவழிச்சு அவங்க வீட்டை நான் வீடாக்கி வச்சிருக்கேன், என்கிட்டயே கூட்டுறாங்களா? டைல்ஸ், சீமெந்து, கொமட்டு, குழாய், மேசன் பாஸுக்குக் குடுத்த கூலிக்கு எழுதி வாங்கின ரசீது வரைக்கும் ஒரு பில் விடாம வச்சிருந்தேன். தோட்டத்துல வளந்தவளுக்கு துண்டு இருந்தாத் தான் பேச்சு. மருந்துக்குத் துண்டு, கடனுக்குத் துண்டு, தகரத்துக்குத் துண்டு. கையில துண்டு இருந்தா எவனும் மறுக்க முடியாதுன்னு தான் எங்களுக்குத் தெரியும். எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டுக்கிட்டுக் கிளம்பினேன்.

நீங்க கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னு மறிச்சீங்க. "உமக்கென்ன விசரோ? உந்தப் பில்லுகளை அவைக்குக் காட்டாதையும். சும்மா போய் கஷ்டத்தைச் சொல்லும், அவ மனமிரங்குவா."

"ஏன் காட்டக் கூடாது?"ன்னு கேட்டேன்.

"வீட்டுக்காரர் அதை வேற மாதிரிப் பாப்பினம்"ன்னீங்க.

எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பொறாமைன்னு தோணுச்சு. நான் ஜெயிச்சுட்டு வந்துருவேன், நோனா எனக்கும் நாற்காலி போட்டுருவாங்க, அது உங்களுக்குப் பொறுக்கலைன்னு நெனச்சேன். எனக்கு இருந்த வியாதியை உங்க மேல ஏத்தினேன். விலகிக்கங்கக்கான்னு சொல்லிட்டுப் போனேன்.

நோனாவோட மகன் கொழும்புல இருந்து வந்திருந்தான். ஃபைலை வாங்கி ஒவ்வொரு பில்லாப் புரட்டினான். போனை எடுத்துக் கூட்டினான். எனக்குச் சந்தோஷம், கூட்டட்டும், பாக்கட்டும்னு. கூட்டி முடிச்சுட்டு அம்மாவைப் பாத்து, "அம்மே, மேக்க தென் அலுத் கெயக் நே"ன்னான். அம்மா, இது இப்ப புது வீடு தானேன்னு. புது வீட்டுக்கு ரெண்டாயிரம் கூட்டினா எப்படி? ஐயாயிரம் கூட்டணும்னான். ஒரே கூரை, ஒரே வாடகை, அதனால மிஸ்ஸோட பக்கத்துக்கும் ஐயாயிரம். நோனா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மகன் பேச்சுக்கு மேல பேச மாட்டாங்க. இல்லாட்டி வேற வீடு பாத்துக்கங்கன்னு அவனே சொல்லி, பில்லுகளை அடுக்கி ஃபைல்ல போட்டு மரியாதையா என் கையில குடுத்தான்.

பாத்ரூமையும் ஜன்னலையும் பேத்துக்கிட்டா போக முடியும்? கழுத்துச் செயின் அந்தச் செவத்துல தான் இருக்கு. தைக்க வர்ற பொம்பளைங்களுக்கு இந்த வீடு தான் தெரியும். இருந்துட்டோம்.

உங்ககிட்ட எப்படிச் சொல்லப் போறேன்னு கொய்யா மரத்தடியில நின்னு அழுதேன். என்னால உங்களுக்கும் மூவாயிரம் அதிகம். நீங்க திட்டணும்னு இருந்துச்சு. நாலு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு ஆறியிருக்கும். நீங்க கேட்டுட்டு, "சரி, விடும். நடந்தது நடந்து போச்சு. தேத்தண்ணி குடிக்கிறீரோ?"ன்னீங்க. அவ்வளவு தான்.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இடுப்பு ஒடிய ஒடிய தைச்சேன். அவரு ஞாயித்துக்கிழமை பூசையை விட்டுட்டு த்ரீவீலர் ஓடினாரு. மகளோட டியூஷனை நிறுத்தினோம். நீங்க மட்டும் ஒண்ணாந் தேதி காலையில புடவை மடிப்பு கலையாம போய், நாற்காலியில உக்காந்து, சிரிச்சுப் பேசிட்டு, வாடகையைக் குடுத்துட்டு வருவீங்க. மூஞ்சியில ஒரு சுருக்கம் இல்ல. எப்படி முடியுது, அரசாங்கச் சம்பளம் அவ்வளவா வருதுன்னு மனசுக்குள்ள கருவிக்கிட்டு இருந்தேன். உங்களுக்கும் ஏதாவது ஒண்ணு வெடிக்கட்டும்னு கூட ஒரு நாள் நெனச்சேன். மன்னிச்சிருங்க. உங்க நெஞ்சு தான் வெடிச்சுது.

ஆபீஸுல மயங்கி விழுந்தீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே எல்லாம் முடிஞ்சுருச்சுன்னாங்க. உங்களை ஊருக்குக் கொண்டு போன வேன்ல நானும் அவரும் ஏறிக்கிட்டோம். யாழ்ப்பாணத்தை அன்னைக்குத் தான் முதல் தடவை பாத்தேன். நீங்க சொன்ன வீடு நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு. ஓட்டுக் கூரை, கிணறு, வேலி எல்லாம். முத்தத்துல பந்தல் போட்டு, சொந்த வீட்டு ஹோல்ல உங்களைக் கிடத்தியிருந்தாங்க. எங்கப்பா செத்தப்ப பெட்டி லயத்துக் காம்பராவுக்குள்ள திரும்ப இடமில்லாம ரோட்டுல வச்சோம். அழுதுக்கிட்டே நான் அதை நெனச்சேன். அந்த நேரத்துல கூட எனக்குப் பொறாமை, பாத்தீங்களா.

ஆம்பளைங்க உங்களைத் தூக்கிக்கிட்டுப் போன பிறகு பொம்பளைங்க தண்ணி அள்ளி ஊத்தி வீட்டைக் கழுவ ஆரம்பிச்சாங்க. நானும் தும்புத்தடியை வாங்கிக்கிட்டு கூட நின்னேன். முப்பது வயசு இருக்கும், ஒரு பொண்ணு முன்னால நின்னு எல்லாத்தையும் எடுத்துச் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. உங்க சொந்தம்னு நெனச்சேன். "அக்கா, நீங்கள் தூரப் பயணம், முழுகுங்கோ"ன்னு பின்னால கூட்டிக்கிட்டுப் போச்சு. புது பாத்ரூம். டைல்ஸ் எங்களுதை விட நல்ல டைல்ஸ். உங்க வீட்டுக்கு மட்டும் நீங்க கட்டியிருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டே குளிச்சேன்.

வெளியில வந்து நல்லா இருக்குன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு துவாயை நீட்டிக்கிட்டே, "எங்கட காசிலதான் கட்டினனாங்கள். நாங்கள் இஞ்ச வாடகைக்குத் தானே இருக்கிறம்"னுச்சு. அது சொல்லிக்கிட்டே போச்சு. "அவ நல்லவா தான், குறை சொல்லக் கூடாது. கட்டி முடிச்சு ஒரு மாசம் கூட ஆகேல்ல, போன் எடுத்து வாடகையில மூவாயிரம் கூட்டினவா. வீடு இப்ப நல்லா வந்திட்டுதாம். இவர் மீன் வாடியில வேலை. நான் காதுத் தோட்டை வித்துத் தான் அந்த முதல் மாசம் குடுத்தனான்." எந்த மாசம்னு கேட்டேன். சொல்லுச்சு. எங்களுக்குக் கூட்டின அதே மாசம்.

பிறகு என் முகத்தைப் பாத்து, "நீங்கள் அவவுக்குப் பக்கத்து வீடு தானே, என்ன கஷ்டத்தில திடீரெண்டு கூட்டினவா எண்டு உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"ன்னு கேட்டுச்சு.

"தெரியாதும்மா"ன்னேன்.

வேன்ல திரும்பி வரும்போது உங்களை வாய்க்கு வந்தபடி திட்டணும்னு பாத்தேன். வீட்டுக்காரர் வேற மாதிரிப் பாப்பினம்னு உங்களுக்குத் தெரிஞ்சது எப்படின்னு விளங்கிருச்சு. முகத்துல சுருக்கமில்லாம இருந்ததும் விளங்கிருச்சு. நான் ஃபைலைத் தூக்கிக்கிட்டுப் போனதுக்கு, முகம் தெரியாத ஒரு பொண்ணு அங்க காதுல கிடந்ததைக் கழட்டிக் குடுத்திருக்கு. திட்டலாம்னு வாயைத் திறந்தா வரலைக்கா. ஏன்னா எனக்கு என்னைத் தெரியும். எனக்குன்னு ஒரு வீடு இருந்து, அதுல ஒருத்தி டைல்ஸ் போட்டு பாத்ரூம் கட்டிக்கிட்டு இருந்திருந்தா, நோனாவோட மகன் சொன்ன அன்னைக்கே நானும் போன் எடுத்திருப்பேன். சத்தியமா எடுத்திருப்பேன். போன் எடுத்துக் கூட்ட உங்களுக்குக் கீழ ஒரு ஆள் இருந்துச்சு. எனக்குக் கீழ யாருமே இல்ல. இத்தனை நாள் கழிச்சும் உங்க மேல எனக்கு இருக்கிற பொறாமை அது ஒண்ணு தான், அக்கா.